கிரேக்கக் கரையில் சொன்ன நான்கு யெஸ்

1

போன திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் பல் வைத்தியரின் அலுவலகத்திலிருந்து ரெலிபோன் வந்தது. பேசியது ஓர் இளம்பெண். அடுத்த கிழமை எனக்கு நேரம் குறித்திருப்பதை உறுதி செய்துவிட்டு, நீங்கள் வீடு மாறவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யெஸ் என்றேன். அப்படியானால் புது முகவரியைச் சொல்லுங்கள் என்றாள். எனக்குப் புது முகவரி கிடையாது என்றேன். பிறகு எங்கே இருக்கிறீர்கள் என்றாள். இருந்த இடத்தில்தான் என்றேன். பதினொரு நிமிடம் போயிற்று. கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தி, வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களிடம் ரெலிபோனைக் கொடுக்க முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டாள்.

நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வீடு மாறவில்லையே என்று கேட்டால், ஓம், மாறவில்லை. கேட்டவர் நினைத்தது சரி என்பதுதான் எங்கள் ஓம். ஆங்கிலத்தின் யெஸ்ஸுக்குக் கேட்டவர் என்ன நினைத்தார் என்பதைப் பற்றி அக்கறை இல்லை. முப்பத்தொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இருபது வருடம் ஒரு நகரசபையின் வரைபடப் பிரிவில் வேலை செய்தேன். என் ஆங்கிலக் கடிதங்களில் ஒருவரும் ஓர் எழுத்தைத் திருத்தியதில்லை. ஆனால் 'இல்லையே' என்று முடிகிற கேள்வியை யாராவது வாயால் கேட்டுவிட்டால் என் தலை தமிழில் யோசித்து, வாய் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடும். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் வந்ததே கிடையாது. அங்கே மேலதிகாரி சிங்களவர், கீழே நாங்கள் தமிழர், இடையில் ஆங்கிலம். "அளவு இன்னும் முடியவில்லையா?" என்று அவர் கேட்பார். "யெஸ் சேர்" என்போம். முடியவில்லை என்று அவருக்கு விளங்கும். ஒரு காணியும் அதனால் பிழையாக அளக்கப்படவில்லை.

பல் வைத்தியர் கதையைச் சொன்னதும் என் மகள் மாலதி, "கிறீஸில பட்டது காணாதோ அப்பா?" என்றாள். அங்கே பட்டதைத்தான் எழுதுகிறேன். கிரேக்கத் தீவுகளில் வெளியே போய்ச் செய்யக்கூடிய சாகசச் சுற்றுலாக்கள் என்னென்ன என்று ஊரிலிருந்து இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

2

மனைவி போய் ஆறு வருடம். அன்றிலிருந்து கிளேட்டனில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு யூனிற்றில் தனியாக இருக்கிறேன். வயது எழுபத்தாறு. மாலதி கிளென் வேவர்லியில் இருக்கிறாள். கணவன் ரமணன், ஒரே மகள் அபிராமி. அபிராமிக்குப் பதினாறு வயது. அவள் படிக்கிற பாடசாலைக்காகத்தான் அந்த வீடு. அவர்கள் வீட்டுக் கீழறையை எனக்காக ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டில் போட்டாயிற்று. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள மூன்று கம்பிகள் பூட்டியாயிற்று. அந்த மூன்று கம்பிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஏப்ரலில் ஒரு நாள் பஸ் தரிப்பில் கால் இடறி விழுந்தேன். உள்ளங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பார்த்த யாரோ மாலதிக்குச் சொல்லிவிட்டார்கள். மாலதி மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறவள், நாள் முழுவதும் குளிசை எண்ணுகிறவள். எண்ணும் குணம் என்னிடமிருந்து போனது. என் வீட்டு ஒப்பந்தம் ஜூலை கடைசியில் முடிகிறது, புதுப்பிப்பதா, கீழறைக்கு வருவதா என்று அவள் நேராகக் கேட்டாள். புதுப்பிப்பேன் என்றேன். அப்போது அவள் ஒரு வழி சொன்னாள். பாடசாலை விடுமுறையில் அவர்கள் ஒன்பது நாள் கிரேக்கத்துக்குப் போகிறார்கள். நானும் போகவேண்டும். ஒன்பது நாளும் என்னை அருகில் வைத்துப் பார்ப்பாள். திரும்பி வந்து தீர்மானிப்பது.

"சோதினை எண்டு சொல்லன்," என்றேன்.

"விடுமுறை எண்டுதான் நான் சொல்லுவன். நீங்கள் விரும்பினபடி நினையுங்கோ."

சரி என்றேன். சோதனைகளில் நான் தவறியது குறைவு.

ரமணன் கணினி வேலை செய்கிறவர். எதையும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பார். நாங்கள் போகிற மீலோஸ் தீவில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். பதினொரு சுற்றுலா. குதிரை லாடம்போல் வளைந்த எரிமலைத் தீவு அது. கடற்குகைகளுக்குப் பாய்க்கப்பலில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பது ஒன்று. கைவிடப்பட்ட கந்தகச் சுரங்கத்துக்கு மலைப்பாதையில் நடப்பது ஒன்று. வெள்ளைப் பாறையிலிருந்து கடலுக்குள் குதிப்பது, சைக்கிளில் மலை இறங்குவது, ஜீப்பில் மண்பாதையில் குலுங்குவது, கயாக் என்கிற ஒடுங்கிய படகில் கரையோரமாகத் துடுப்புப் போடுவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நேரே நாங்கள் நான்கு பேரும். என் பெயருக்குக் கீழே எட்டுச் சிவப்புப் புள்ளடி. பச்சை மூன்றே மூன்று. அதில் ஒன்று சூரியன் மறைவதைப் பார்ப்பது.

எனக்கு இந்தச் சாகசம் என்கிற சொல்லிலேயே மரியாதை இல்லை. நான் நெடுந்தீவில் பிறந்தவன். சோளகக் காற்றுப் பெயர்ந்தால் எதிர்க்கரையான குறிகட்டுவானுக்குப் போகிற வள்ளத்தில் ஆள், ஆடு, அரிசி மூட்டை எல்லாம் ஒன்றாக நனையும். பல்லுக் கொதித்தாலும் அந்தக் கடலைத் தாண்டித்தான் மருந்து. அதற்கு ஊரில் பெயர் பயணம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தீவான் என்று கூப்பிட்டார்கள். அந்தத் தீவானுக்கு இப்போது சூரியன் மறைவதற்கு மட்டும் அனுமதி.

பக்கத்து யூனிற்றில் கொஸ்தா இருக்கிறார். கிரேக்கர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், கப்பலில் வந்தவர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது ஒரு வேலியும், இருவருக்கும் வாயில் சரியாக வராத ஆங்கிலமும். பட்டியலைக் காட்டினேன். கயாக்கில் விரலை வைத்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் மொழியில் ஆமென்பதற்கு 'நே'. இல்லையென்பதற்கு 'ஓஹி'. காதுக்கு முதலாவது நோ போலவும், இரண்டாவது ஓகே போலவும் கேட்கும். கவனம் என்றார். நான் கவனமாகத்தான் போனேன். பிழை வந்தது அவர்கள் மொழியால் அல்ல.

3

இரண்டாம் நாள் கந்தகச் சுரங்க நடை. அதற்கு எனக்குச் சிவப்புப் புள்ளடி. காலையில் மற்றவர்களுக்கு முன்பே சப்பாத்துப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் நின்றேன். மாலதி இன்னொரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பையில் வைத்தாள்.

நில அளவையாளனுக்கு எட்டு, அதாவது காலடி, எண்ணுவது மூச்சு விடுவதைப் போன்றது. இளமையில் என் எட்டு இரண்டடி நாலங்குலம், இப்போது இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. போக ஐயாயிரத்து நூற்றுப் பத்து எட்டு. பாதை நெடுகிலும் முட்செடி, இடையிடையே காட்டுத் தைம் மணம். கீழே துருப்பிடித்த தள்ளுவண்டிகள், கூரை இல்லாத வீடுகள், அதற்கப்பால் கண் கூசும் நீலம். அங்கே வேலை செய்தவர்கள் தாங்கள் அனுபவித்ததைச் சாகசம் என்று அழைத்திருக்கமாட்டார்கள் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் மாலதி, நான் வழியில் ஏழு தடவை உட்கார்ந்து இருந்ததாகச் சொன்னாள். ஐந்து என்றேன். இரண்டு தடவை சப்பாத்துக்குள் இருந்த கல்லை எடுக்க இருந்தது. கல் எடுக்கவும் இருக்கத்தானே வேண்டும் என்றாள். நோக்கம் வேறு என்றேன். அபிராமி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, இரண்டு பேரும் ஒரே மாதிரி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பயணம் தொடங்கி அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வசனம் அது. சின்ன வயதில் அம்மப்பா, அம்மப்பா என்று நாளுக்கு நூறு தடவை கூப்பிட்ட பிள்ளை. இப்போது அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அந்தச் சொல்லும் கிழமைக்கு மூன்று நான்கு தடவைதான் வருகிறது.

மூன்றாம் நாள் வெள்ளைப் பாறை. அபிராமி ஆறு தடவை குதித்தாள். நான் குதிக்கவில்லை. எதிர்ப்புக்காகக் கழுத்தை முறித்துக்கொள்கிற ஆள் நானில்லை. நான்காம் நாள் ரமணன் சைக்கிளில் மலை இறங்கினார். இறங்கியவர் ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஐம்பது வயது. நான் அவருடைய பட்டியலை எடுத்து ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் கயாக். இரண்டு பேர் இருக்கிற படகு. அபிராமிக்கும் ரமணனுக்கும் பதிவு செய்தது. மாலதிக்குச் சிறிய படகு என்றால் தலை சுற்றும். ஆக, ஓர் இருக்கை காலி.

"நான் போறன்," என்றேன்.

மாலதி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் தோளைக் குலுக்கினாள். எனக்கு நீந்தத் தெரியும் என்பதை மாலதி அறிவாள். காற்று குறைவு என்றும் அரை நாள்தான் என்றும் விடுதிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு படிவத்தை நிரப்பினாள். நான்கு பக்கம், இருபத்து மூன்று கட்டம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல் என் தகப்பனாரின் பெயர் போயிற்று. அவர் இறந்து நாற்பது வருடமாகிறது, இன்னும் விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உடல்நிலைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் மாலதி 'நோ' என்று அடையாளமிட்டாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுமுன் நான்கு பக்கத்தையும் திரும்ப ஒருமுறை படித்தாள்.

4

கயாக் வழிகாட்டியின் பெயர் எலேனி. முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த உறுதியான பெண். கடற்கரையில் மூன்று படகுகள் கிடந்தன. மாலதி வாடகைக் காரை நிழலில் விடப் போயிருந்தாள். அபிராமி உயிர்காப்பு அங்கியைப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். எலேனி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வயதைப் பார்த்திருப்பாள். ஒருமுறை வாயாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

இதய வருத்தம் ஒன்றும் இல்லையே?

யெஸ் என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மயக்கம் போட்டதில்லையே?

யெஸ்.

சமீபத்தில் சத்திரசிகிச்சை ஒன்றும் செய்யவில்லையே?

யெஸ்.

மூச்சு முட்டுவதில்லையே?

யெஸ் என்றேன், இன்னும் உறுதியான குரலில். அவளுடைய முகம் மாறிக்கொண்டு போனதை நான் கவனித்தேன். என் திடத்தைக் கண்டு வியக்கிறாள் என்று நினைத்தேன். கர்ப்பிணிகளுக்கான கேள்வி ஒன்றும் தாளில் இருந்தது. கேட்டிருந்தால் அதற்கும் யெஸ் சொல்லியிருப்பேன்.

அவள் என் தோளில் மெதுவாகக் கைவைத்து, நிழலில் இருக்கச் சொன்னாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு காரடியில் நின்ற மாலதியிடம் போனாள். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தாளைத் தட்டித் தட்டிக் காட்டியது தெரிந்தது. நோயாளித் தகப்பனைப் பொய்யாக எழுதிக் கொண்டுவந்து கடலில் விடப் பார்த்த மகள் என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.

மாலதி நாற்பது எட்டில் என்னிடம் வந்தாள். அவள் வேகமாக நடந்தால் எனக்குத் தெரியும்.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"நெஞ்சு வருத்தம். மயக்கம். மூச்சு. எப்ப ஒப்பரேசன் செய்தனீங்கள்? ஆரோட போனீங்கள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு நாலுக்கும் ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்லுறியள், எனக்குச் சொல்லேல்லை. நான் உங்கட மருந்தைக் கட்டிக் குடுக்கிற ஆள்."

"இல்லை எண்டுதான் சொன்னனான்."

"அவ பொய் சொல்லுறாவோ?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, பயமா என்று தெரியவில்லை. எனக்கும் கோபம் வந்தது. நான் சொல்லாத வருத்தத்தை வைத்து அவள் மனதில் கீழறைக் கதவு திறந்துவிட்டது. என்ன சொன்னாலும் இனி அது மறைப்பாகத்தான் தெரியும். அங்கே, அந்த மணலில், என் யூனிற் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அப்போது அபிராமி வந்தாள். எலேனி என்ன கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் விசாரித்தாள். நான்கு கேள்விகளையும் அப்படியே ஒப்பித்தேன். அவள் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

அவள் தாய்க்குச் சொன்ன விளக்கம் இது. வீட்டில் மாலதி அவளிடம், "இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்பாள். பிள்ளை, சாப்பிட்டுவிட்டேன் என்கிற கருத்தில் யெஸ் என்பாள். மாலதி அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு, ஓம், சாப்பிடவில்லை என்று விளங்கி, கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வருவாள். எத்தனையோ நாள் இரண்டு தரம் சாப்பிட்டிருக்கிறேன் அம்மா என்றாள். அம்மப்பா செய்ததும் அதுதான், மறுபக்கத்திலிருந்து.

மாலதி கையிலிருந்த கார்ச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

அபிராமி எலேனியிடமும் போய்ச் சொன்னாள். எலேனிக்கு விளங்கியது மட்டுமல்ல, சிரிப்பும் வந்துவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் அவள் 'நே' என்று சொல்ல, நோ என்று நினைத்துப் படகை விட்டு இறங்கிப் போனவர்கள் உண்டாம். திரும்ப வந்து, இம்முறை கேள்வியை நேராகக் கேட்டாள். இதய வருத்தம் இருக்கிறதா? நோ. மயக்கம்? நோ. நான்கு நோ. நான் முன்னிருக்கையில் இருக்கலாமா என்று கேட்டேன். அவள் வாயால் பேசாமல், தலையை மேலே வெட்டி நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம் வைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நாங்களும் இல்லையென்பதற்கு அதைத்தான் வைப்போம். பின்னிருக்கையில் ஏறினேன்.

"இந்த ஒரு தரம்தான்," என்று மாலதி கரையிலிருந்து சொன்னாள்.

5

கயாக்கில் காலை நீட்டி, இடுப்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இருக்கவேண்டும். துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு. வலம் ஒன்று, இடம் ஒன்று. முன்னால் இருப்பவரின் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் போடவேண்டும். புறப்படுமுன் எலேனி ஒன்று சொல்லித் தந்தாள். உதவி வேண்டுமென்றால் கத்த வேண்டாம், காற்றில் கேட்காது. துடுப்பை நேராக வானத்துக்குத் தூக்கிப் பிடிக்கவேண்டும்.

குகை வரைக்கும் ஆயிரத்து நூற்றிருபது துடுப்பு வீச்சு. பாறைகள் மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று அடுக்கடுக்காக இருந்தன. குகைக்குள் நுழைந்ததும் வெயில் அணைந்து, தண்ணீர் கீழிருந்து வெளிச்சம் கொடுத்தது. கையை நனைத்தால் விரல்கள் பச்சையாகத் தெரிந்தன. அபிராமி எண்ணுவதை நிறுத்தச் சொன்னாள். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. நிறுத்தினேன். பிறகு அவள், "அம்மப்பா, நெடுந்தீவில குகை இருக்கோ?" என்று தமிழில் கேட்டாள். இல்லை, அங்கே நிலம் கைபோல் தட்டை என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஊரிலிருந்து கேட்ட இருவருக்கும் சொல்கிறேன், பதினொன்றில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள்.

திரும்பும்போது வடகாற்று எழும்பிவிட்டது. கோடையில் அந்தக் கடலுக்கு வழக்கமான காற்று. குறைவு என்று சொன்னவர்கள் காலையைப் பார்த்துச் சொன்னார்கள். அலை முன்னாலிருந்து வந்தது. அறுநூற்று நாற்பதாவது வீச்சில் என் வலது தோள் பிறகு ஏறவில்லை. அறுநூற்று ஐம்பது வரை இடது கையால் இழுத்தேன். படகு முன்னுக்குப் போகவில்லை, பாறைப் பக்கமாகத் தள்ளுப்பட்டது. முன்னால் பிள்ளை தனியாகத் துடுப்புப் போடுகிறாள், பின்னால் நான் நடிக்கிறேன். அவளுடைய சின்ன முதுகு விடாமல் அசைந்தது.

தூக்கினால் சோதனை முடிந்தது. அதுதான் என் எண்ணம். மாலதி கரையில் இருக்கிறாள்.

துடுப்பைத் தூக்கினேன்.

எலேனி தன் படகில் கிட்ட வந்து, இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து எங்கள் படகின் மூக்கில் கொழுவி இழுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. கரைக்கு முந்திய முனையைத் திரும்பியதும் அவள் கயிற்றைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கடைசி அறுபது வீச்சும் நானும் அபிராமியும் போட்டோம். மாலதி கண்டது அந்த அறுபதைத்தான். கரையேறும்போது அபிராமி என் காதருகில் வந்து, அம்மாவுக்குச் சொல்லமாட்டேன் என்றாள், ஆங்கிலத்தில்.

6

அன்று பின்னேரம் துறைமுகத்தடிச் சாப்பாட்டுக் கடையில் நாலு கதிரை போட்டு இருந்தோம். ரமணன் முதுகுக்குத் தலையணை வைத்திருந்தார். மாலதி காலையில் கோபித்ததற்கு மனம் நொந்திருந்தாள் போல. எனக்கு மீனில் முள் எடுத்து வைத்தாள். நீங்கள் நல்லாத்தான் துடுப்புப் போட்டீங்கள் அப்பா, நான் கரையில் நின்று பார்த்தேன் என்றாள். பிறகு தண்ணீர்க் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"வேற ஒண்டும் எனக்கு மறைக்கேல்லைத்தானே அப்பா?"

ஓம் என்று சொன்னால் போதும். எங்கள் முறையில், ஓம், மறைக்கவில்லை. மகளுக்கும் அது சரியாக விளங்கும். காலையில் நான்கு தடவை தயங்காமல் வந்த சொல், இப்போது சொந்தப் பாஷையில், சொந்தப் பிள்ளையிடம் வரவில்லை. அது உண்மையாக இருந்தால்தான் வரும் போலிருக்கிறது. இத்தனை காலமும் அந்தச் சொல்லில் பிழையில்லை என்று ஊரெல்லாம் வாதாடியவன் நான்.

"மறைச்சனான்," என்றேன்.

பெப்ரவரியில் வீட்டுக் குசினிக்குப் பின்படியில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. நாற்பது நிமிடம் கிடந்தேன். கொஸ்தாவைக் கூப்பிட்டேன், வந்து தூக்கிவிட்டார். எலும்பு முறியவில்லை. மாலதிக்குச் சொல்லவேண்டாம் என்று கொஸ்தாவிடம் சொன்னேன். இன்றைக்குத் திரும்பும்போது தோள் விட்டது, எலேனி கயிறு போட்டு இழுத்தாள், நீ கண்டது கடைசி அறுபது வீச்சு மட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அபிராமி என்னை வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரமணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாலதி கையைக் காட்டித் தடுத்தாள்.

"அப்ப வாறீங்கள்," என்றாள்.

"வரேல்லை."

"அப்பா..."

"நான் சொல்லுறதைக் கேள். விழாத ஆள்தான் தனிய இருக்கலாம் எண்டால் உன்ர புருசனும் கீழறைக்குத்தான் வரவேணும். பெப்ரவரியில கூப்பிட்டனான். இண்டைக்குத் துடுப்பைத் தூக்கினனான். தூக்கினால் நீ என்ன செய்வாய் எண்டு தெரிஞ்சுதான் தூக்கினனான். பிள்ளை படகில இருக்கேக்க என்ர வீறாப்பைப் பார்க்கேல்லை. கூப்பிடத் தெரிஞ்ச ஆள் தனிய இருக்கலாம்."

"கூப்பிட்டது கொஸ்தாவை. என்னையில்லை."

அவள் சொன்னது சரி. பட்டியலில் எட்டுப் புள்ளடி போட்டதைப் பற்றி நான் வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை.

"உன்னைக் கூப்பிட்டால் கம்பியோட வருவாய்," என்றேன் கடைசியில். "அந்தப் பயத்திலதான் கூப்பிடேல்லை."

அவள் கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது. பிறகு மருந்தகத்தில் பேசுகிற குரலில் பேசினாள். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ரெலிபோன் எடுப்பாள். நான் உண்மை சொல்லவேண்டும். ஒரு தரம் மறைத்ததாகத் தெரிந்தாலும், ஒப்பந்தம் இருந்தாலென்ன, கீழறைதான்.

"இன்னொண்டு. நான் 'விழேல்லைத்தானே' எண்டு கேக்கமாட்டன். 'விழுந்தனீங்களோ' எண்டுதான் கேப்பன். நழுவ ஏலாது."

ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுங்கள் என்றாள். பன்னிரண்டு என்றேன். அபிராமி, பன்னிரண்டு என்று தமிழில் எனக்காக வாக்குப் போட்டாள்.

7

பன்னிரண்டு மாதத்துக்குக் கையெழுத்திட்டேன். இப்போது ஒக்ரோபர். இன்று காலை வரைக்கும் ஏழு மணி அழைப்பு எண்பத்தொன்பது. அவள் ஒரு நாளும் தவறவில்லை, நான் ஒரு நாளும் இரண்டாவது மணிக்கு மேல் அடிக்க விடவில்லை. "விழுந்தனீங்களோ?" "இல்லை." பெரும்பாலும் அவ்வளவுதான். சில நாட்களில் சாப்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை.

மூன்று கிழமைக்கு முன், குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது விழுந்தேன். நேரம் ஆறரை. தொட்டியும் விழுந்து போத்தல்கள் உருண்டன. முழங்காலில் தோல் போயிற்று. வேலியைப் பிடித்து நானே எழும்பி, உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். சுவரில் மணிக்கூடு. அரை மணிநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் போனதற்கு நீளக் காற்சட்டை போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொஸ்தாவும் அந்நேரம் எழும்பியிருக்கவில்லை.

ஏழு மணிக்கு மணி அடித்தது.

"விழுந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

மூன்று வரை எண்ணினேன்.

"எங்க அடி?"

"முழங்கால். நானே எழும்பினனான்."

"எந்தத் தொட்டி?" நான் தொட்டி என்று சொல்லவேயில்லை. அன்று வியாழக்கிழமை, குப்பை எடுக்கிற நாள் என்று அவளுக்குத் தெரியும்.

"மஞ்சள்."

"அது பாரம். அடுத்த முறை புதன் பின்னேரம் நான் வந்து இழுத்து வைக்கிறன்."

"தேவையில்லை," என்றேன்.

"சரி. மருந்தைப் போடுங்கோ. வேலைக்கு நேரமாச்சு, வைக்கிறன்."

கீழறையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முழங்காலுக்கு மருந்து போட்டுக் கட்டினேன். பிறகு வெளியே போய், தெருவில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கிப் போட்டு, மஞ்சள் தொட்டியை நிமிர்த்தி வைத்தேன்.